இரண்டு தட்டு, பிறகு ஒன்று

சமையலறையில் ஒரே ஒரு தரைக்கல் மட்டும் சூடாக இருந்தது.

மகள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே டிரைவருக்கு அது தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் டிப்பர் லாரி ஓட்டியவருக்குக் கண்ணையும் காதையும்விட உள்ளங்கால்தான் கூர்மை. பிரேக்கில் ஒரு நூல் குறைந்தாலும், எஞ்சின் லேசாக மக்கர் செய்தாலும் முதலில் சேதி சொல்வது அதுதான். தண்ணீர் குடிக்கலாம் என்று செருப்பில்லாமல் சமையலறைக்குள் போனவர், அடுப்புக்கும் பின்வாசலுக்கும் நடுவில் அந்தக் கல்லை மிதித்தார், நின்றார், பக்கத்துக் கல்லில் காலை வைத்துப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது. மறுபடி இதை மிதித்தார். ராத்திரியெல்லாம் யாரோ படுத்திருந்து அப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி ஒரு வெதுவெதுப்பு.

மகளிடம் சொன்னதற்கு, வெயில்தான் என்றாள். வெயில் இன்னும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஏழு மாதக்காரியிடம் காலங்காத்தாலே வாக்குவாதம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர்கள் குடிவந்தபோது அவர் நுரையீரலுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகும் மகள்தான் வந்து பார்த்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இப்போது எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் மூன்று வாரம் வேலை. தாய் இல்லாத பெண்ணைத் தனியாக விட முடியாது, நீங்கள் வந்து இருங்கள் மாமா என்று அவன் போனில் கேட்டுக்கொண்டதால் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பஸ் தாமதமாகி, இருட்டிய பிறகு ஆட்டோவில் வந்து இறங்கியதால் ஊர் எது, திசை எது என்று ஒன்றும் பார்க்கவில்லை.

போன வருஷம் ஒன்று ஐந்தாவது மாதத்தில் தங்காமல் போயிற்று. இதுவும் போனால் இனி முயற்சி செய்யாதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். மகள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுவாள், எங்கேயாவது கழன்று விழுந்துவிடுமோ என்பதைப் போல. அவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். இந்தக் குழந்தை மட்டும் நல்லபடியாகப் பிறந்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமலே கேட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பவன் கண்ணுக்குத்தான் எல்லாம் படும். மேடையில் சர்க்கரை டப்பா மூடாமல் கிடந்தது. சிந்தின சர்க்கரை சுவரோரமாகக் கோடு போட்டிருந்தது. ஓர் எறும்பு இல்லை. பல்லி இல்லை, கரப்பான் இல்லை, கொசுகூட இல்லை. கொடுத்துவைத்த வீடு என்று முதலில் நினைத்தார். வாளியில் பிடித்து வைத்த போர்வெல் தண்ணீரின் மேல் மெலிதாக வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்து, விரலால் தொட்டதும் சிதறி, பிறகு தானாகவே ஒன்று கூடிக்கொண்டது. பின்வாசல் கதவைத் திறந்தால் ஒரு வாசனை. நாற்றம் என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறிப் பழுத்த பழமும் நகப்பாலிஷும் கலந்தாற்போல இனிப்பாக, மூக்கைத் தாண்டி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. மகள் அந்தக் கதவருகே நாற்காலி போட்டு அமர்ந்து, கண்ணை மூடி, அதை இழுத்து இழுத்து முகர்ந்தாள். மசக்கையில் எல்லாருக்கும் வாசனை குமட்டும். தனக்கு இது மட்டும்தான் பிடிக்கிறது என்று சிரித்தாள்.

அந்த வாசனையை அவருக்குத் தெரியும். எங்கே என்று மட்டும் நினைவு வரவில்லை. வரவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

வெயில் தாழ்ந்து, அறைகளுக்குள் இருட்டு முன்கூட்டியே வந்து மூலைகளில் இடம் பிடித்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. 'டொம்' என்று ஒன்று. தரைக்கு அடியில், வெகு ஆழத்தில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எதிர்வீட்டில் மாவு இடிக்கிறார்களோ என்று கேட்டார். மகள் தையல் துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தினம் இந்நேரத்துக்குக் கேக்கும்பா. மண்ணு இன்னும் இறுகலையாம். புது மண்ணுல கட்டின வீடுன்னா அப்படித்தானாம்."

புது மண். அவர் தலையாட்டினார். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் நாற்காலிக் கையில் எண்ணிக்கொண்டிருந்ததை அவர் கவனித்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை காலாற நடந்துவரலாம் என்று வெளியே போனார். ஒரே அச்சில் வார்த்த நாற்பது வீடுகள், ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி பால்கனி. தெருவோரம் வரிசையாக நட்டிருந்த மரக்கன்றுகள் கூண்டுக்குள்ளேயே குச்சியாகியிருந்தன. எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்த முடியைப் பந்தாகச் சுற்றிச் சுற்றி ஒரு பைக்குள் போட்டாள். பை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. டிரைவர் வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டாள். மூன்று வாரம் என்றதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு, தண்ணியை மட்டும் காசு கொடுத்து வாங்கிக் குடிங்க என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

தெருக்கோடியில் திரும்பினபோது மலை தெரிந்தது. சின்னக் கரட்டு மலை; உச்சியில் கோடாரியால் வெட்டின மாதிரி ஒரு பிளவு. அதற்கு முன்னால் மின்சாரக் கோபுரம், இடது கை ஒன்று முறிந்து அப்படியே விடப்பட்ட கோபுரம்.

டிரைவர் நின்றுவிட்டார்.

அந்தக் கோபுரத்தை அவர் தரையில் நின்று பார்த்ததே கிடையாது. எப்போதும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார், லாரியின் முன்பக்கக் கண்ணாடி வழியாக, ரிவர்ஸ் எடுக்கும்போது. பள்ளத்தின் விளிம்பு இருட்டில் தெரியாது. அதனால் அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். கோபுரத்தின் முறிந்த கை மலைப் பிளவுக்கு நேராக வந்து பொருந்த வேண்டும். பொருந்தின இடத்தில் நிறுத்தினால் பின்சக்கரம் விளிம்புக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் நிற்கும். எட்டு வருஷத்துக்கு முன்பு, வாரத்துக்கு நாலு நடை, ஒன்றரை வருஷம்.

அவர் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. மலைக்கு முகத்தைக் காட்டி, பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். கண் கோபுரத்தை விடவில்லை. ஒரு காலி மனையைத் தாண்டினார். யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்த துணி முகத்தில் பட்டு விலகியது. பார்ப்பவர்கள் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். முறிந்த கை மெல்ல நகர்ந்து வந்து பிளவில் உட்கார்ந்தது. அதே நொடியில் முதுகு ஒரு சுவரில் முட்டியது. திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. இருந்தாலும் பார்த்தார். மகளின் சமையலறை ஜன்னல்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். தன்னைச் சுட்டிருந்தால் பரவாயில்லை.

அது கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரி. நாற்பதடி ஆழம். தொழிற்சாலைகள் வெளியே விட முடியாமல் வைத்திருந்த கழிவை, முறைப்படி அழிக்கிறேன் என்று வாங்கி, பொழுது சாய்ந்ததும் அங்கே கொண்டுவந்து கொட்டுவதுதான் டிரைவரின் முதலாளியான காண்ட்ராக்டரின் பிழைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் அவர். நீல மூடி போட்ட இரும்பு டிரம்கள், அவற்றின் மேல் பசை மாதிரியான கறுப்புச் சேறு, அதற்கு மேல் மண். உள்ளே என்ன இருக்கிறது என்று டிரைவர் கேட்டதில்லை. கேட்டால் வேலை இருக்காது என்பது ஒன்று. கேட்காமல் இருந்தால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று.

டிரம்களை அப்படியே உருட்டிவிட்டால் கோணல் மாணலாகக் கிடந்து இடத்தை அடைக்கும். அதனால் ஓர் ஆள் பள்ளத்துக்குள் இறங்கி அவற்றை நிமிர்த்தி அடுக்க வேண்டும். அந்த ஆள்தான் கம்பி. ஆளும் கம்பி மாதிரி ஒல்லி, கையிலும் எந்நேரமும் ஒரு கடப்பாரைக் கம்பி, அதனால் அந்தப் பேர். அந்த வாசனையை ஓயாமல் சுவாசித்துச் சுவாசித்து அவன் ஈறுகளில் பல்லோரமாக ஒரு நீலக்கோடு விழுந்திருந்தது. சிரிக்கும்போது தெரியும். அவன் எப்போதும் சிரிப்பான்.

எஞ்சின் இரைச்சலில் மேலே கத்துவது கீழே கேட்காது, கீழே கத்துவது மேலே கேட்காது. அதற்காக இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கம்பி கீழே இருக்கும்போது டிரம்மில் இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தட்டு தட்டுவான். பள்ளத்தில் ஆள் இருக்கிறேன், கொட்டாதே என்று அர்த்தம். மேலே இருந்து டிரைவர் ஸ்பேனரால் லாரியின் இரும்பில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். நிறுத்திவிட்டேன், ஏறி வா என்று அர்த்தம். அந்த ஒரு தட்டு விழுந்து கம்பி தலையைக் காட்டும்வரை, கொட்டுவதற்கான லிவரைத் தொடக் கூடாது. எந்தச் சட்டத்தையும் மதிக்காத அந்தத் தொழிலில் அவர்கள் மதித்த ஒரே சட்டம் அதுதான்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், கம்பி கீழே. டிரைவர் கோபுரத்தைப் பிளவில் பொருத்தி லாரியை நிறுத்தினார். போன் அடித்தது. அதிகாரிகளின் ஜீப் கிளம்பிவிட்டது, பத்து நிமிஷத்தில் கொட்டி மூடிவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்றார் காண்ட்ராக்டர். கம்பி ஏறி வர எப்படியும் கால் மணி ஆகும். அப்போது கீழேயிருந்து கேட்டது. இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். ஒரு தட்டு. டிரைவரின் வலது கையில் ஸ்பேனர் இருந்தது. இடது கை லிவரில் இருந்தது. பகல் வெயிலில் உப்பின டிரம்கள் சாயங்காலம் சூடு தணியும்போது தாமாகவே 'டொம் டொம்' என்று அடித்துக்கொள்ளும், எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டிரம்தான் என்று சொல்லிக்கொண்டார். லிவரை இழுத்தார்.

பொக்லைன்காரன் மண்ணைத் தள்ளி நிரவினான். நடுவில் மண் அள்ளுவதற்காக ஒரு தடவை எஞ்சின் இரைச்சல் குறைந்தது. அப்போதும் கேட்டது. ரொம்ப மெதுவாக. பொக்லைன்காரன் டிரைவரின் முகத்தைப் பார்த்தான்.

"டிரம்மு உப்புது," என்றார் டிரைவர்.

கம்பியும் கம்பி நீட்டிட்டான் என்று காண்ட்ராக்டர் மறுநாள் ஜோக் அடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். கம்பியின் பெண்டாட்டி ஒரு வருஷம் மாசாமாசம் டிரைவர் வீட்டுப்படி ஏறி வந்து விசாரித்தாள். வேறு ஊரில் வேலைக்குப் போயிருப்பான், நல்லாத்தான் இருப்பான் என்று சொல்லி அனுப்பினார். ஒருதடவை டிரைவரின் மகள்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கோபுரத்தைப் பார்த்த அன்று சாயங்காலம் அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. ஆனால் சத்தம் கூடத்துக்கும் வந்தது. டொம். டொம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நெடுநேரம் கழித்து ஒன்று. டிரம்தான். டிரம்தான். டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மூன்றாம் நாள் மதியம், மகள் தூங்குகிறாள் என்று நினைத்துப் பின்வாசல் பக்கம் போனவர், அவள் சுவரோரம் குந்தியிருப்பதைப் பார்த்தார். முதுகு இவர் பக்கம். தோள் அசைந்துகொண்டிருந்தது. அழுகிறாள் போலிருக்கிறது என்று கிட்டே போனார். அவள் கையில் ஒரு கரண்டி இருந்தது. தரையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. கரண்டியால் தோண்டித் தோண்டி விளிம்பெல்லாம் வழவழப்பாகியிருந்தது, ஒருநாள் வேலை இல்லை. அவள் ஈரமான கறுப்பு மண்ணைக் கரண்டியில் எடுத்து, வாயில் வைத்து, நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா."

அவள் திரும்பினாள். திருடி அகப்பட்ட குழந்தை மாதிரி வெட்கப்பட்டாள்.

"தப்பில்லப்பா. மாசமா இருக்கிறவங்க நிறையப் பேரு மண்ணு திங்கறதுதான். இது இனிப்பா வேற இருக்கு."

சிரித்தாள். மேல் ஈற்றில், பல்லோரமாக, மெலிதாக ஒரு நீலக்கோடு.

டிரைவர் கரண்டியைப் பிடுங்கி எறிந்தார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். எந்தத் தண்ணீரில் கொப்பளிப்பது என்பது அப்புறம்தான் உறைத்தது. கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, துணிமணியை எடுத்து வை, இப்போதே நம் வீட்டுக்குப் போகிறோம் என்றார். எதற்கு என்றாள். காற்று சரியில்லை என்றார். டாக்டரம்மா இங்கே இருக்கிறாள், அலைச்சல் கூடாது என்று சொல்லியிருக்கிறாள் என்றாள். அவர் தரையில் உட்கார்ந்தார். பாதியைச் சொன்னார். இது குவாரி என்று சொன்னார், டிரம் என்று சொன்னார், விஷம் என்று சொன்னார், தான்தான் கொண்டுவந்து கொட்டினேன் என்றுகூடச் சொன்னார். கம்பியைச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் கொட்டினீங்கன்னு தெரியாதுப்பா," என்றாள் பிறகு. "மத்ததெல்லாம் தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும்."

போன வருஷம் அது கலைந்த பிறகு மாப்பிள்ளை தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினானாம். வந்த காகிதத்தை நாலாக மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டானாம். தையல்காரம்மாவிடமும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதாம். நாற்பது வீட்டிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்: வெளியே தெரிந்தால் வீடு விலை போகாது. யாராவது வாங்க வந்தால் அன்றைக்கு மட்டும் எல்லாரும் பின்கதவைச் சாத்திவைப்பார்கள், வாசலில் பூந்தொட்டி வைப்பார்கள். அடுத்த மாதம் ஒரு குடும்பம் வந்து பார்க்கிறது, கைக்குழந்தையோடு. அவர்கள் வாங்கிவிட்டால் நாம் போய்விடலாம் என்றாள்.

டிரைவர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். மரியாதையான பையன், குரலே உயர்த்த மாட்டான்.

"மாமா, இதை நீங்க யார்கிட்டயும் சொல்லிட வேணாம். ஒரு மாசம்தானே. தெரியாத மாதிரி இருந்துடுவோம்."

அந்த வாக்கியத்தை எட்டு வருஷமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எந்த வாயால் மறுப்பது? போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் வந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் நகக் கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது.

பொழுது சாய்ந்தது. மழை வருகிற மாதிரி வானம் மூடிக்கொண்டு, காற்று அடங்கி, பழ வாசனை வீடு முழுக்கக் கனத்துத் தொங்கியது. கரண்ட் போயிற்று. மகள் கூடத்தில் சோபாவில் சாய்ந்திருந்தாள். இருக்கிற ஒரே பெண்ணிடம் மிச்சப் பாதியையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டிரைவர் மெழுகுவர்த்தி தேடிச் சமையலறைக்குப் போனார். தெரியாமல் அந்தக் கல்லை மிதித்துவிட்டார். இப்போது அது வெதுவெதுப்பாக இல்லை. சுட்டது.

டொம். டொம்.

அவர் அசையவில்லை.

டொம்.

இரண்டு. நிறுத்தம். ஒன்று.

டிரம் அப்படித் தட்டாது. டிரம்முக்கு எண்ணத் தெரியாது. இது அவருக்கு அன்றைக்கும் தெரியும்.

மறுபடி. இரண்டு. ஒன்று. அவசரம் இல்லை. கோபம் இல்லை. வேலை நேரத்தில் தட்டுகிற தட்டு. பள்ளத்தில் ஆள் இருக்கிறேன், டிரைவரண்ணே.

டிரைவர் மெல்ல மண்டியிட்டார். மூட்டு கடகடத்தது. அடுப்படியில் இரும்புத் தோசைக்கரண்டி கிடந்தது. அதை எடுத்தார். எட்டு வருஷம் தாமதம். ஆனாலும் பதில் சொல்லாமல் இருந்த பாவம் ஒன்றுதானே, அதைச் சொல்லிவிட்டால் அடங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஓர் ஆள் பதிலுக்காகக் காத்திருக்கிறான், கொடுத்துவிட்டால் போய்விடுவான். வேறு என்ன கேட்டான் அவன்? கண்ணில் நீர் வழிய, மன்னிச்சுக்கடா என்று முணுமுணுத்துக்கொண்டே, கரண்டியால் அந்தக் கல்லில் தட்டினார்.

ஒரே ஒரு தட்டு.

கீழே சத்தம் நின்றது.

முழு அமைதி. மழையின் முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் விழுவது கேட்டது. கல்லின் சூடு அவர் கைக்கு அடியிலேயே தணிந்துகொண்டே வந்தது. மற்றக் கற்கள் மாதிரியே ஆனது. ஜில்லென்று. அவர் நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நாளைக்குப் பிறகு ஆழமாக ஒரு மூச்சு விட்டார்.

அப்புறம்தான் அந்த ஒரு தட்டுக்கு என்ன அர்த்தம் என்பது நினைவுக்கு வந்தது.

நிறுத்திவிட்டேன். ஏறி வா.

"அப்பா." கூடத்திலிருந்து மகளின் குரல். சந்தோஷமான குரல். "இங்க வாங்களேன். சீக்கிரம்."

போகாமல் இருக்க முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். இருட்டில் அவள் உருவம் மட்டும் தெரிந்தது. வயிறு மேடாக.

"ரெண்டு நாளா அசைவே இல்ல. பயந்துட்டு இருந்தேன், உங்ககிட்ட சொல்லல. இப்பத்தான், திடீர்னு... கையைக் குடுங்க."

அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வயிறு சூடாக இருந்தது. அந்தக் கல்லின் சூடு. இனிப்பு வாசனை அவள் மூச்சில் வந்தது.

உள்ளங்கையில் ஓர் இடி. உடனே இன்னொன்று.

அவர் காத்திருந்தார். வேண்டாம் என்று காத்திருந்தார்.

இன்னும் ஒன்று.

"பாத்தீங்களா?" மகள் சிரித்தாள். இருட்டிலும் ஈறு தெரிந்தது. "ஏம்ப்பா கையை எடுக்கறீங்க? இருங்க. மறுபடியும் வரும்."

வந்தது. இப்போது கை தேவைப்படவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. அவள் வயிற்றுக்குள் இரும்பின் மேல் இரும்பு பட்டது.

இரண்டு.

ஒன்று.